கொல்லுப்பட்டறையை விட்டு நடந்து போகிறவர்

அவர் கூப்பிட்டபோது நான் ஒரு கேக்கின் மேல் மாப்பிள்ளையை நட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை மாவில் செய்த மாப்பிள்ளை. கால் இன்னும் காயவில்லை, கையை எடுத்தால் மணப்பெண் மேல் சாய்ந்துவிடுவார். அதனால் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யார் என்று பார்க்காமலே பேசினேன்.

“தங்கச்சி, நான்தான். அண்ணன் பேசுறேன்.”

பதினாறு வருஷம் கழித்துக் கேட்ட குரல். ‘நான்தான்’ என்று சொன்னால் போதும், அடையாளம் தெரிந்துவிடும் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. தெரிந்துதான்விட்டது. என் கை தானாக அழுத்தியதில் மாப்பிள்ளை இடுப்பு வரை கேக்குக்குள் போய்விட்டார். அவரைப் புதிதாகச் செய்ய இன்னொரு மணி நேரம் பிடித்தது.

நான் கேக் கடைக்காரி இல்லை. கட்டட மாதிரி செய்கிறவள். கொண்டோ என்கிற சொகுசு அடுக்குமாடி வீடுகளை விற்கும் ஷோஃபிளாட்டுக்குப் போனால், நடுவில் ஒரு பெரிய மேசையில் விளக்கெரியும் சன்னல்களும் நீல நீச்சல் குளமும் குட்டி மரங்களுமாக ஒரு சின்ன ஊர் இருக்குமே, அதுதான் என் வேலை. சிங்கப்பூரில் பிடோக் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் நாலாம் மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. மொத்தம் ஆறு பேர். முதலாளி தமிழர், நாங்கள் பாஸ் என்போம். ஏர்கான் பத்தவில்லை என்று கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டிருப்பார், வெளியாள் வந்தாலும் எடுக்க மாட்டார். அவருக்கு அடுத்தபடி இந்த அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று மரியாதைக்கு அண்ணே என்றேன், அவர் தங்கச்சி என்றார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டுமான நிறுவனங்களோடு பேசிச் சிரித்து வேலை பிடித்து வருவது அவர். பிடித்து வந்ததைச் செய்வது நாங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மாதிரி முடிந்து கண்ணாடிப் பெட்டியை மூடுவதற்கு முன், வேலை செய்த ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஓர் உருவத்தை அதில் எங்காவது ஒளித்து வைப்போம். கள்ள ஆள் என்று அதற்குப் பெயர். செய்தவர் பெயரை எழுதி வைக்க எந்தக் கொண்டோக்காரன் விடப் போகிறான். ஓர் அரிசி நீளத்துக்கு ஒரு மனிதனைச் செய்து மரத்தடியில் நிறுத்திவிட்டால் அதுதான் எங்கள் கையெழுத்து. என் கள்ள ஆள், சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடும் ஒரு பெண். கொண்டோவில் அப்படிக் காயப்போட விட மாட்டார்கள், அதற்காகவே அவளை வைத்தேன். எங்களோடு வேலை பார்த்த மலாய்க்கார அக்காவுடையது ஒரு பூனை. அண்ணனுடையது எல்லாருக்கும் பிடிக்கும். இடது அக்குளில் சுருட்டிய செய்தித்தாள், குனிந்த தலை, வலது கை சட்டைப் பையில். வேலையிலிருந்து நழுவி சிகரெட் பிடிக்கப் போகிற ஆள். அது அவரேதான், அவர் அப்படித்தான் நடப்பார்.

லேசர் இயந்திரத்துக்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம். அக்ரிலிக் தகடு வெட்டத் தொடங்குகிறவர் பக்கத்தில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் வெட்டி முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அக்ரிலிக் உருகிச் சொட்டினால் பற்றிக்கொள்ளும். அன்று நான் கையெழுத்துப் போட்டு இயந்திரத்தைத் தொடங்கினேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பதினேழு மாடி மாதிரி பக்கத்து மேசையில் தயாராக நின்றது. மணி ஒன்றரை இருக்கும். அண்ணன் வந்தார்.

“நீ போய்ச் சாப்பிட்டு வா தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்குவீங்கல்ல அண்ணே?”

“அட, போ லா.”

போனேன். போவதற்கு முன் என் கையெழுத்தை அடித்துவிட்டு அவரைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். எங்களோடு இருந்த சீனப் பெண் என்றால் பேனாவை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் சாப்பிடப் போயிருப்பாள். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டு அவரிடமே கையெழுத்துக் கேட்பதா என்று எனக்கு வாய் வரவில்லை. இந்த முட்டாள்தனத்தை நம்மவர்கள்தான் செய்வார்கள்.

திரும்பி வந்தபோது நாலாம் மாடி நடைபாதை முழுக்கக் கரும்புகை. யாருக்கும் காயமில்லை. இயந்திரம் போய்விட்டது. பதினேழு மாடியும் உருகி ஒரு பக்கமாகத் தலை குனிந்து நின்றது. பாஸ் கையில் அந்தத் தாள் இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன்.

“நான் அங்க இல்லவே இல்ல பாஸ். கிளையண்டோட ஃபோன்ல இருந்தேன், கீழ,” என்றார் அவர். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

என்னை வேலையை விட்டு அனுப்பிய கடிதத்தில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. சிங்கப்பூரில் இந்தத் தொழில் செய்கிற பட்டறைகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். நான் போய் நின்ற இடங்களில் எல்லாம் என் கைவேலையைப் பார்த்துத் தலையாட்டினார்கள், பிறகு, “நீங்கதானே அந்த நெருப்பு...” என்று இழுத்தார்கள். ஒரு வருஷம் அலைந்தேன். அதன் பிறகு கேக் பொம்மைக்குப் போனேன். சர்க்கரை பற்றிக்கொள்ளாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இயந்திரத்தை விட்டுப் போனது நான் இல்லை என்று அந்தப் பட்டறை ஆட்களுக்குத் தெரிய வேண்டும். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். அதைப் பதினாறு வருஷமாக நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. மனசு ஆறிவிடும் என்று சொன்னவர்களை எல்லாம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இப்போது அண்ணனுக்குச் சொந்தமாகக் கண்காட்சி அமைக்கும் நிறுவனம். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீடு ஒன்றைச் சின்னக் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரைக் கடைவீதியை அழித்த பெருந்தீயைப் பற்றியது. தீ அணைந்த மறுநாள் அந்த வீதி எப்படி இருந்தது என்று நடுக்கூடத்தில் ஒரு மாதிரி வேண்டும்.

“அத்தாப்பு ஓலைக் கூரைய பிரிண்டர்ல அடிச்சா பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு தங்கச்சி. அதெல்லாம் உன் கைக்குத்தான் வரும்.”

நெருப்பு வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறோமே என்று அவருக்கு ஒரு விநாடிகூட உறுத்தவில்லை. செய்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. அவருக்கே பொறுக்கவில்லை.

“அந்த ஆளோட வேலையா? சூடு சொரணை இல்லையா உனக்கு?”

“இருக்கு. அதனாலதான் போறேன்.”

புக்கிட் பாஞ்சாங் வீட்டில் மகள் கல்யாணமாகிப் போன அறை காலியாகக் கிடந்தது. அவர் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு எனக்கு மேசை போட்டுக் கொடுத்தார். ஒரு தீயணைப்பானும் வாங்கி வந்து கதவோரம் வைத்தார்.

காட்சிக்கூடத்தார் அனுப்பிய குறிப்பைப் படித்தேன். நாள்கணக்கில் எரிந்ததாம். அணைக்க எந்திரம் எதுவும் அப்போது ஊரில் இல்லை. தொடங்கியது ஒரு கொல்லுப்பட்டறையில் என்று சொல்கிறார்கள். யார் கவனிக்காமல் விட்டது என்று எங்கும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அத்தாப்பு போய், செங்கல்லும் ஓடும் வந்தன. அந்தச் செங்கல் பின்னாளில் இதே சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சூளைகளில்தான் வெந்தது. சுண்ணாம்பும் இங்கேதான். அதனால்தான் பழைய தமிழர்கள் இந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள், கம்பம் என்றால் மலாயில் கிராமம். சூளையில் நின்றவர்கள் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். குறிப்பில் அவர்களுக்கு ஒரு வரிதான். ஊர் பற்றிக்கொண்டால் வாளி தூக்க ஓடியதும் அவர்கள்தான் என்று வேறு இடத்தில் படித்திருக்கிறேன், அது குறிப்பில் இல்லவே இல்லை. பார்த்தாயா, நெருப்பு எங்கே என்றாலும் பழக்கம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எரிந்த வீதியின் ஓரத்தில் கையில் வாளியோடு எட்டுப் பேரைக் கேட்காமலே நிறுத்தினேன்.

நாலு மாதம் வேலை. தேங்காய் நாரை மெலிதாகப் பிரித்துக் கூரை வேய்ந்தேன். வேய்ந்த கூரையின் ஓரத்தை ஊதுபத்தி நுனியால் தொட்டுத் தொட்டுக் கருக்கினேன். ஊதுபத்தி எரியும்போது இயற்கை அழைப்பு வந்தாலும் எழுந்து போகவில்லை. அணைத்து, தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் போனேன். சாம்பலுக்குக் கரித்தூளும் காய்ந்த தேயிலையும். எரிந்த மனையின் எல்லையைப் பக்கத்து வீட்டுக்காரன் தள்ளிப் போட்டுவிடக் கூடாதென்று கயிறு கட்டிக் காவல் உட்கார்ந்திருக்கும் ஒருவனைச் செய்தேன். சாம்பலைச் சலித்து ஆணி பொறுக்கும் ஒருத்தியைச் செய்தேன். அவள் பக்கத்தில் இரண்டு கரிந்த தூணுக்கு நடுவே மூங்கில் கழி கட்டி என் கள்ள ஆள் துணி காயப்போட்டாள். ஊரே எரிந்தாலும் துவைத்ததைக் காயப்போட்டுத்தானே ஆக வேண்டும்.

எல்லாம் அரிசி நீளத்து மனிதர்கள். இந்த அளவில் முகத்துக்கு ஒரு பொட்டு நிறம், தலைக்கு ஒரு பொட்டு கறுப்பு, அவ்வளவுதான். கண் வரைவதில்லை. வரைந்தாலும் தெரியாது என்பது தொழிலில் எல்லாரும் சொல்வது.

கொல்லுப்பட்டறைக்கு நேர் எதிரே, நெருப்பில் தப்பிய ஒரு செங்கல் வீட்டை வைக்கச் சொல்லியிருந்தார்கள். மாடியில் ஒரு பெரிய சன்னல். அதைத் திறந்தே வைத்தேன். அங்கே யாரை வைப்பது என்று தோன்றாததால் காலியாக விட்டுவிட்டேன்.

அதுவரை எப்படிப் பழிவாங்குவது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. ஆசைகள் நிறைய இருந்தன. ஒப்படைக்கும் நாளன்று கைவிரித்துவிடலாம். காட்சிக்கூடத்தாரிடம் போய் இவர் யார் தெரியுமா என்று சொல்லலாம். சாலை நடுவில் நிறுத்திக் கேட்கலாம். எல்லாவற்றையும் மனதில் நடத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் நான்தான் கத்திக்கொண்டு நிற்கிறேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கத்துகிறவளை யார் நம்புவார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். தலை நரைத்திருந்தது. மூட்டு வலி, படிக்கட்டு ஏற முடியவில்லை என்றார். கறிபஃப் வாங்கி வந்திருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை. சின்னத்தனம்தான். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார், எனக்கு நன்றாக இருந்தது.

“அந்தக் காலத்துல நாம எவ்ளோ சிரிச்சிருக்கோம், இல்ல?” என்றார்.

உண்மையில் சிரித்திருக்கிறோம். அதுதான் எரிச்சல். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. கொல்லுப்பட்டறையைக் காட்டினேன்.

“இங்கதான் ஆரம்பிச்சுதாம். யாரு பாக்காம விட்டாங்கன்னு போர்டுல எழுதுவீங்களா அண்ணே?”

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்குப் பட்டது.

“அது எதுக்கு லா. பழைய கதை. யாரு தப்புன்னு இப்போ தெரிஞ்சு என்ன ஆகப் போவுது?”

கறிபஃப் துணுக்கைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டார். லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கதவைச் சாத்தி, மேசை விளக்கைப் போட்டு, மெல்லிய கம்பியை எடுத்தேன்.

அவருடைய கள்ள ஆளைச் செய்ய எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. பதினாறு வருஷம் கழித்தும் விரலுக்கு மறக்கவில்லை. வேட்டி கட்டிவிட்டேன், காலத்துக்குப் பொருந்த வேண்டுமே. மற்றபடி அதே ஆள். இடது அக்குளில் சுருட்டிய தாள், குனிந்த தலை, வலது கை மார்புப் பக்கம். எரிந்து கிடக்கிற ஊரில் மற்ற எல்லாரும் கொல்லுப்பட்டறைப் பக்கம் திரும்பியிருக்க, அவர் மட்டும் அதற்கு முதுகு காட்டி நடந்து போனார். அந்த வாசலிலிருந்து அவர் கால் வரைக்கும் சாம்பலில் காலடித் தடமும் பதித்தேன், ஊசி முனையால், ஒவ்வொன்றாக.

ஒட்டி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அன்று பிற்பகல் நானே மீன் குழம்பு வைத்தேன், வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

திறப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏர்கான் குளிர். பழைய பட்டறை ஆட்கள் எல்லாரையும் நானே தேடிப் பிடித்து அழைத்திருந்தேன். மலாய்க்கார அக்கா தெம்பனிஸிலிருந்து வந்திருந்தார். சீனப் பெண் வந்திருந்தாள், அவளுக்கும் இப்போது நாற்பதுக்கு மேல். பாஸ் வந்திருந்தார், சக்கர நாற்காலியில், வீட்டுப் பணிப்பெண் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கவாதம் வந்து ஒரு கால் போய்விட்டதாம். கழுத்தில் அதே வெள்ளைத் துண்டு. அவரைக் கூப்பிட்டதில் எனக்கு ஓர் உள்நோக்கமும் இருந்தது. கடிதத்தில் கவனக்குறைவு என்று எழுதிய கை அது. தப்பாக எழுதிவிட்டோம் என்று அவர் தெரிந்துகொண்டு வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்கள் கூரையையும் தெருவையும் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் மாதிரியைச் சுற்றி நின்றதுமே பழைய பழக்கத்தில் கள்ள ஆளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். மலாய்க்கார அக்காதான் முதலில் துணி காயப்போடுகிறவளைக் கண்டுபிடித்தார். சிரித்து என் தோளில் ஒரு அடி கொடுத்தார். பிறகு கண்ணாடியைத் தெருவோடு நகர்த்திக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். இன்னும் குனிந்தார். காலடித் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே கொல்லுப்பட்டறை வாசல் வரை போனார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்தார், அப்புறம் அண்ணனைப் பார்த்தார். கண்ணாடியைச் சீனப் பெண்ணிடம் கொடுத்து அந்த இடத்தைக் காட்டினார். அவளும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

அண்ணன் என்னவோ ஏதோவென்று கிட்டே வந்து, ஒரு கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. தன் நடையைத் தனக்குத் தெரியாதா.

“நல்லா செஞ்சிருக்க தங்கச்சி,” என்றார்.

“உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா அண்ணே?”

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். கையில் நிகழ்ச்சித் தாள் இருந்தது. அதைச் சுருட்டி இடது அக்குளில் வைத்துக்கொண்டார், தலை குனிந்திருந்தது, வலது கை சட்டைப் பைக்குப் போயிற்று. பதினாறு வருஷத்துக்கு முன் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலாய்க்கார அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியை விட அவருக்கு மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

எனக்கு அது போதும் என்று நினைத்தேன். நெஞ்சு குளிர்ந்துபோய் நின்றேன். அப்போதுதான் பாஸ் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பணிப்பெண் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவர் மடியில் பூதக்கண்ணாடி இருந்தது. முகத்தில் சிரிப்பு.

“பாத்தேன்மா. அச்சு அசல் அவனேதான். கோபம் இன்னும் போகலையா உனக்கு?”

“நான் விட்டுட்டுப் போகல பாஸ். அவருதான் போனாரு. இப்பவாவது உங்களுக்குத் தெரியணும்.”

“எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார், யாரோ மூன்றாம் ஆள் கதை மாதிரி. அன்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காரைக் கீழே நிறுத்தினாராம். அண்ணன் தூணோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். மேலே வந்தால் புகை. சாயங்காலம் எல்லாரும் போனபின் அண்ணன் அவர் அறைக்கு வந்து அழுதாராம், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன் பாஸ், தங்கச்சி மேல் தப்பில்லை என்று.

“நான்தான் வாய மூடிட்டு இருக்கச் சொன்னேன். அவன அனுப்புனா கிளையண்ட் எல்லாம் அவன் பின்னாடியே போயிடுவாங்க. தாள்ல உன் கையெழுத்து இருந்துச்சு. உனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, நீ எப்படியும் சமாளிச்சிக்குவேன்னு நெனச்சேன். சமாளிச்சிட்டியே.”

கூடத்தில் யாரோ ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். பதினாறு வருஷமாக நான் ஒரு முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த முதுகைத் தள்ளிவிட்ட கை இங்கே துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

“இத அவங்க முன்னாடி சொல்லுங்க பாஸ். அக்கா அங்கதான் நிக்கிறாங்க. ஒரு தடவ சொன்னா போதும்.”

“இப்போ எதுக்குமா அதெல்லாம். விடு. எல்லாருக்கும் வயசாயிடுச்சு.” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆனா வேல பிரமாதம். பள்ளிக்கூட லீவுல பேரப்பிள்ளைங்களக் கூட்டிட்டு வரணும். கள்ள ஆள் கதைய அவங்களுக்குச் சொல்லி, கண்ணாடியக் குடுத்துத் தேடச் சொல்லப் போறேன்.”

பணிப்பெண் தண்ணீரோடு வந்துவிட்டாள். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, பழக்கம்.

அண்ணன் அதன் பிறகு ஒரு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அவர் அழுதது உண்மையாகவே இருக்கட்டும். அந்த அழுகையை என்னிடம் கொண்டு வந்திருக்கலாம், பதினாறு வருஷம் இருந்தது. அதனால் அவர் அங்கேயே நடந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. காட்சிக்கூடம் மூடியிருக்கும் திங்கட்கிழமை காலையில் போனேன். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். மென்தூரிகையால் சாம்பல் கலையாமல் தூசியை எடுத்தேன். ஆணி பொறுக்குகிறவளின் முறம் லேசாகச் சாய்ந்திருந்தது, சரி செய்தேன். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரை டப்பாவை எடுத்தேன்.

அதில் பஞ்சில் படுத்திருந்தவரைச் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர். கைகள் மடியில். கழுத்தில் வெள்ளைத் துண்டு. அவருக்கு மட்டும் கண் வரைந்தேன். தூரிகையில் ஒரே ஒரு மயிரை விட்டு மற்றதை வெட்டி எறிந்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கண். மூன்று முறை தப்பாகப் போய் அழித்து அழித்து வரைந்தேன். இரண்டும் நன்றாகத் திறந்திருக்கின்றன.

இடுக்கியால் அவரைத் தூக்கி, கொல்லுப்பட்டறைக்கு எதிரே செங்கல் வீட்டு மாடியில், காலியாகக் கிடந்த அந்தச் சன்னலில் வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் கொல்லுப்பட்டறை வாசலும் தெரியும், நடந்து போகிறவரும் தெரியும், கீழே சாம்பலில் துணி காயப்போடுகிறவளும் தெரியும். பசை காயும்வரை பக்கத்திலேயே நின்றேன், எங்கும் போகவில்லை. பிறகு அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பெட்டியை மூடித் திருகாணிகளை இறுக்கச் சொன்னேன்.

பள்ளி விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பாஸுக்கு மூன்று பேரப்பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் கூர்மை, பூதக்கண்ணாடிகூட வேண்டியிருக்காது. அவர்களில் ஒரு பிள்ளை சன்னலைக் காட்டி, “தாத்தா, இது நீங்கதானே, நீங்க ஏன் சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்கும்.